வெடிக்கு நடுங்கும் நாய்க்கு அமைதி மாத்திரை: டப்பாவைத் திருப்பிப் படிக்கும் முறை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை உரைகல்லில் சாதிக்காய் இழைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் கைக்குழந்தை கிடையாது. யாருக்கு என்று கேட்டேன்.

"செவலைக்குத்தான். பாலில் கலந்து கொடுத்தால் ராத்திரி முழுக்கத் தூங்கும். பச்சைப் பிள்ளைக்கே கொடுக்கிறோம், நாய்க்கு என்ன ஆகிவிடப்போகிறது?"

செவலை எங்கள் வீட்டு நாட்டு நாய். பதினான்கு கிலோ. தெருமுனையில் யாரோ வைத்த ஒற்றை வெடிக்கே வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கியிருந்தது. அத்தையின் அக்கறையில் குறையில்லை, சாதிக்காயில்தான் குறை. அதிலுள்ள மிரிஸ்டிசின் நாய்களுக்கு ஆகாது. அளவு மீறினால் இதயம் படபடக்கும், வாய் உலரும், வயிறு வலிக்கும், நாய் நிலை தடுமாறும், வலிப்புகூட வரலாம். இழைத்ததைக் கழுவி ஊற்றிவிட்டோம். அத்தை இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்கு முந்தின வருடம் நான் செய்தது இதைவிட மோசம். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்த ஒரு சிரப்பை, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வாங்கி வந்தேன். முன்பக்கத்தில் உறங்கும் நாய்க்குட்டியின் படம். பின்பக்கத்தில் மூலிகைகளின் பெயர்கள் இருந்தன, எது எத்தனை மில்லிகிராம் என்பது இல்லை. செவலை இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தது, பயமும் அப்படியே இருந்தது. அதன்பின் எனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். கெடுக்குமா என்பதை முதலில் பார்க்கிறேன், உதவுமா என்பதை அப்புறம் பார்க்கிறேன். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. தீபாவளிக்குச் சொன்னாலும், கோயில் கொடையின் வேட்டுக்கும் இறுதி ஊர்வலத்தின் சரவெடிக்கும் இதுவே பொருந்தும்.

படி 1: எதற்குப் பயம் என்று பாருங்கள்

"என் நாய் எப்போதும் பதற்றமாக இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நாலைந்து வேறு வேறு சிக்கல்கள் இருக்கலாம். வெடிச்சத்தத்துக்கு நடுங்குவது ஒன்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதும் கதவைப் பிறாண்டிக் குரைப்பது இன்னொன்று. காரில் ஏறினால் எச்சில் வடிப்பது பயமாகவும் இருக்கலாம், வெறும் குமட்டலாகவும் இருக்கலாம். பத்து வயதைத் தாண்டிய நாய் ராத்திரியில் காரணமில்லாமல் நடந்துகொண்டே இருந்தால் மூப்பில் வரும் மறதி நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

சத்தப் பயத்தில் எல்லா நாயும் நடுங்குவதில்லை. சில நாய்கள் உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், காதைப் பின்னுக்கு மடக்கும், பிரியமான எலும்பைக்கூடத் திரும்பிப் பார்க்காது. மேலெல்லைக்குப் போன நாய் கதவைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், மாடியிலிருந்து குதிக்கும். கைபேசியில் ஐந்து நிமிடம் படம் பிடித்து வையுங்கள். மருத்துவரின் மேசைமேல் நிற்கும் நாய் வேறு ஆளாக இருக்கும். வீட்டில் என்ன செய்தது என்று அது சொல்லாது.

படி 2: உடம்பில் வலி இருக்கிறதா

நேற்றுவரை வெடிக்கு அசையாத நாய் ஐந்து ஆறு வயதில் திடீரென்று பயப்படத் தொடங்கினால் சப்ளிமெண்ட் (மூலிகை, சத்து மாத்திரை போன்றவை) வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். மூட்டு வலி, முதுகு வலி, காதுப் புண் எல்லாம் சத்தப் பயமாக வெளிப்படலாம். சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது தசை இறுகும், இறுகினால் வலிக்கும், நாய் அந்த வலியைச் சத்தத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். வலிக்கு வைத்தியம் பார்த்தாலே பாதிப் பயம் இறங்குவது உண்டு.

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் கணக்கில் வர வேண்டும். அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தொட்டிருந்தால், சாதாரணமாக ஒத்துக்கொள்ளும் பொருள்கூட ஒத்துக்கொள்ளாது. அதனால் ஆவணியிலேயே ஒரு முறை மருத்துவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தீபாவளி வாரத்தில் எந்த மருத்துவருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

படி 3: எவ்வளவு எதிர்பார்க்கலாம்

சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஸ்டெஃபானி ரீமர், பட்டாசுப் பயமுள்ள நாய்களை வளர்ப்பவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் கேட்டறிந்து 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்துப் பழக்கியவர்களில் 70 சதவீதத்துக்கு மேலானோர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு 44 சதவீதம். மூலிகை, சத்து மாத்திரை, வாசனை எண்ணெய், ஹோமியோபதி, மலர் மருந்து ஆகியவை எல்லாம் 27 முதல் 35 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. வெறும் சர்க்கரை உருண்டை கொடுத்தாலும் இத்தனை பேர் "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்வார்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

இந்தக் கணக்கு வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்துப் போட்டது, நாயின் நாடியைப் பிடித்துப் பார்த்ததல்ல. ஆனாலும் எதை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுக்கிறது. லேசான பயமுள்ள நாய்க்கு, பழக்கலோடு சேர்த்து, சப்ளிமெண்ட் ஒரு ஊன்றுகோல். சுவரைப் பிறாண்டி ரத்தம் வரவைக்கும் நாய்க்கு அதைக் கொடுத்துக் காத்திருப்பது கொடுமை. அந்த நாய் உங்களுடையதானால் படி 8க்கு நேரே போய்விடுங்கள்.

படி 4: எந்தப் பொருள்

பிராண்டைத் தேடாதீர்கள், உள்ளே இருக்கும் பொருளைத் தேடுங்கள். ஒரே பொருள் பத்துப் பெயரில் வருகிறது, ஒரே பெயர் நாட்டுக்கு நாடு வேறு கலவையில் வருகிறது.

நான் முதலில் பார்ப்பது எல்-தியானின். தேயிலையில் உள்ள அமினோ அமிலம் இது. ஆங்சிடேன் (Anxitane) என்ற மாத்திரையில் இது மட்டுமே மூலப்பொருள். வேறு பல மெல்லும் மாத்திரைகளில் மற்றவற்றோடு சேர்ந்து வருகிறது. நாயின் எடைக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி. வரை, நாளுக்கு இருமுறை என்பது வழக்கத்தில் உள்ள அளவு. மயக்கம் தராது என்பது இதன் பெரிய சௌகரியம். தேயிலையில் இருப்பதுதானே என்று யாரும் டீயை ஆற்றி ஊற்றிவிட வேண்டாம். டீயில் காஃபீனும் இருக்கிறது, அது நாய்க்கு நஞ்சு.

அடுத்தது ஆல்ஃபா-கேசோசெபின். பாலின் கேசீன் புரதத்தை உடைத்து எடுப்பது. ஜில்கீன் என்ற பெயரில் 75, 225, 450 மி.கி. கேப்ஸ்யூல்களாக வருகிறது. நாளுக்கு ஒரு முறை, கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. செவலைக்கு 14 பெருக்கல் 15, அதாவது 210. ஆகவே 225 கேப்ஸ்யூல் ஒன்று. பிரித்துத் தயிர்சாதத்தில் கொட்டிவிடலாம். 2007இல் இதைச் செலிஜிலின் என்ற மருந்தோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது, இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன. ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த மூன்றாவது கூட்டம் அந்த ஆய்வில் கிடையாது. ஆகவே அதை வைத்து விளம்பரம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் அடக்கி எழுதலாம். பால் புரத ஒவ்வாமை உள்ள நாய்க்கு இது வேண்டாம். ஒரு லிட்டர் பாலைக் கொடுத்தாலும் இந்தப் பலன் வராது, வயிற்றுப்போக்குதான் வரும்.

நாய்த் தாய் குட்டி ஈன்றபின் மடிப் பக்கத்துத் தோலில் சுரக்கும் ஃபெரமோனை (மோப்பத்தால் சேதி சொல்லும் சுரப்பை) போலச் செய்தது அடாப்டில். வயிற்றுக்குள் போகும் பொருளல்ல. கழுத்துப் பட்டையாகவும் பிளக்கில் செருகும் கருவியாகவும் கிடைக்கிறது, ஒன்று ஏறக்குறைய ஒரு மாதம் வரும். பலன் நாய்க்கு நாய் வேறுபடும். ஆனால் கெடுக்குமா என்ற என் முதல் கேள்வியில் இவ்வளவு எளிதாகத் தேறுவது வேறு எதுவும் இல்லை. பல மருந்துகள் தின்னும் கிழட்டு நாய்க்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் வகைக் கிருமியைக் கொண்ட புரோபயாட்டிக் பொடியும் உண்டு. பலன் தெரிய ஆறு வாரம் வரை ஆகும் என்பதால் தீபாவளிக்கு முந்தின வாரம் வாங்கிப் பயனில்லை. பிரிவுத் துயரம் போன்ற நாள்பட்ட பதற்றத்துக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

மெலடோனின் உறக்கத்துக்கான ஹார்மோன். சத்தப் பயத்துக்கு மருத்துவர்கள் சிலர் எழுதுகிறார்கள். சினையாக உள்ள நாய்க்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் தானாகக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கு விற்கும் மெலடோனினில் இன்னொரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது, அது அடுத்த படியில்.

படி 5: கையில் எடுக்கக் கூடாதவை

சைலிட்டாலில் தொடங்குகிறேன். சர்க்கரைக்குப் பதிலாகச் சூயிங்கம், பற்பசை, மெல்லும் வைட்டமின், மெலடோனின் கம்மி போன்றவற்றில் போடும் இனிப்பு இது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடம்பில் இன்சுலினை வெள்ளமாகச் சுரக்க வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். பத்துக் கிலோ நாய்க்கு ஒரே ஒரு கிராம். சில சூயிங்கம் வில்லைகளில் ஒன்றிலேயே அவ்வளவும் இருக்கும். கிலோவுக்கு அரை கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். லேபிளில் சைலிட்டால் என்று நேராக இருக்காமல் பிர்ச் சுகர் என்றோ ஐஎன்எஸ் 967 என்றோ இருக்கலாம். "சர்க்கரை சேர்க்காதது" என்று பெருமையாக எழுதிய எதையும் நாய்க்கு வாங்குமுன் இந்த மூன்று பெயரையும் தேடுங்கள்.

5-எச்டிபி என்று ஒன்று மனிதர்களின் உறக்க மாத்திரைகளில் இருக்கிறது, கிரிஃபோனியா விதையிலிருந்து எடுப்பது. நாயின் உடம்பில் செரட்டோனினை, அதாவது மனநிலையோடு தொடர்புள்ள ஒரு மூளை வேதிப்பொருளை, எல்லை மீறி ஏற்றிவிடும். வாந்தி, நடுக்கம், காய்ச்சல், வலிப்பு என்று சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும்.

கசகசாப் பால் வேண்டாம், அது அபினிச் செடியின் விதை. கஞ்சா கலந்த எதுவும் வேண்டாம். ஹெம்ப் (கஞ்சாச் செடி வகை) எண்ணெய் என்று விற்பதில் போதை தரும் டிஎச்சி கலந்திருந்தால் நாய் தள்ளாடும், நின்ற இடத்தில் சிறுநீர் சொட்டும். அதே செடியின் போதை தராத பொருளான சிபிடியைச் சுத்தமாகக் கொடுத்த நாய்களிலும் கல்லீரல் நொதி ஏறுவது பதிவாகியிருக்கிறது. வாசனை எண்ணெய்களில் டீ ட்ரீ எண்ணெய் தோலில் பட்டாலே நாய்க்கு நஞ்சு. அமுக்கராக் கிழங்கு (அஸ்வகந்தா) நம் ஊர்ச் சரக்கு என்பதால் ஒரு பற்று எனக்கும் உண்டு. ஆனால் மனிதர்களிலேயே அரிதாகக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, தைராய்டையும் தொடுகிறது. மருத்துவர் சொல்லாமல் நான் கொடுக்க மாட்டேன்.

சளிக்கும் அரிப்புக்கும் வீட்டில் வைத்திருக்கும் மாத்திரையைத் தூக்கத்துக்காகக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அசந்து கிடக்கும் நாய்க்குப் பயம் போய்விட்டதாக அர்த்தமில்லை.

படி 6: டப்பாவைத் திருப்புங்கள்

கடையில் நின்றே படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

போன மாதம் நான் புரட்டிய ஒரு மெல்லும் மாத்திரை டப்பாவின் பின்பக்கம் இப்படி இருந்தது: "அமைதிக் கலவை, ஒரு மாத்திரைக்கு 520 மி.கி.: சீமைச் சாமந்தி, எல்-தியானின், வலேரியன் வேர், இஞ்சி, டிரிப்டோஃபேன்." பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. 520இல் தியானின் எவ்வளவு? 50ஆ, 5ஆ? தெரியாது. 515 மி.கி. இஞ்சிப் பொடியைப் போட்டு மீதியை மற்ற நான்குக்கும் பங்கு வைத்தாலும் இந்த வரி பொய்யாகாது. அளவு தெரியாவிட்டால் போதுமா என்றும் தெரியாது, மிஞ்சுகிறதா என்றும் தெரியாது. இப்படிக் கலவையின் மொத்தத்தை மட்டும் போட்ட டப்பாவை நான் திரும்ப அலமாரியில் வைத்துவிடுகிறேன், விதிவிலக்கே இல்லாமல்.

பக்கத்திலேயே இருந்த சுமாரான டப்பாவில் "எல்-தியானின் 50 மி.கி., தயமின் 50 மி.கி." என்று தனித்தனியாக இருந்தது. எடைவாரியாக எத்தனை மாத்திரை என்ற அட்டவணை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஆலையின் முழு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. படம் அழகாக இல்லை. அதைத்தான் வாங்கினேன்.

மூலப்பொருளோடு நின்றுவிடாமல் அதன் கீழே இருக்கும் சேர்மானங்களையும் படியுங்கள். சுவையூட்ட என்ன, இனிக்க என்ன, ஒட்ட வைக்க என்ன. சாக்லேட்டும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் கோழிச் சுவை மாத்திரை வாங்கிவந்து ராத்திரி முழுக்கச் சொறிய விட்டவர்களை எனக்குத் தெரியும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது என்று ஒரு நண்பர் வாதாடினார். மனித உணவுக்கான அந்த எண் நாய்க்கு நற்சான்று ஆகாது. மனிதருக்கு முறைப்படி அனுமதி பெற்ற சூயிங்கம்தானே நாயைக் கொல்கிறது? மூலிகை என்ற சொல்லும் அப்படித்தான், அரளியும் செடிதான். அமெரிக்காவிலிருந்து வரும் டப்பாக்களில் தேசிய விலங்கு சப்ளிமெண்ட் மன்றத்தின் முத்திரை இருந்தால் தயாரிப்பு முறையை அவர்கள் தணிக்கை செய்திருக்கிறார்கள் என்று பொருள். பலன் உண்டு என்று அந்த முத்திரை சொல்லவில்லை. "100 சதவீதம் குணம்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரிக்காகவே வாங்காமல் விடலாம்.

விலையைப் பார்க்கும்போது ஒரு சின்னக் கணக்கு. முப்பது மாத்திரை டப்பா ஒரு மாதத்துக்கு என்று நினைப்போம். உங்கள் நாயின் எடைக்கு நாளுக்கு இரண்டு என்றால் பதினைந்து நாள்தான். எடையை உத்தேசமாகச் சொல்லவும் வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

படி 7: மற்ற மருந்துகளோடு மோதுமா, பிறகு ஒத்திகை

நாய் இப்போது எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வலிப்பு மருந்து, இதய மருந்து, வலிக்கான டிரமடால், மனநிலைக்கான ஃபுளுவாக்செட்டின், குளோமிப்ரமின். செரட்டோனினைத் தொடும் டிரிப்டோஃபேன் போன்ற சப்ளிமெண்ட் இவற்றில் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து.

பலரும் எழுத மறப்பது உண்ணி மருந்து. அமிட்ராஸ் கலந்த தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டுவது இங்கே சர்வசாதாரணம். அது தோலோடு நிற்கும் பொருளல்ல. செரட்டோனினை உடைக்கும் மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது தடுக்கும். ஃபுளுவாக்செட்டினோ குளோமிப்ரமினோ எடுக்கும் நாய்க்கு அமிட்ராஸ் சேர்வது எச்சரிக்கைப் பட்டியலில் உள்ள விஷயம். ஆகவே "போன வாரம் உண்ணிக்குக் குளிப்பாட்டினேன்" என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால் சப்ளிமெண்டைப் பற்றியும் மறைக்காதீர்கள், மயக்க மருந்தோடு மோதலாம்.

மருத்துவர் சரி என்ற பின் ஒத்திகை. முதல் வேளையை வெடி இல்லாத சாதாரண நாளில், நாள் முழுக்க நீங்கள் வீட்டில் இருக்கும்போது கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். அதே வாரத்தில் உணவையும் மாற்றினால் வாந்தி எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். சில நாய்கள் அமைதியாவதற்குப் பதிலாகக் கிளர்ந்து எழும், அப்படியானால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

நான் சமையலறைக் காலண்டரிலேயே எழுதினேன். பயத்துக்கு 0 முதல் 5 வரை ஒரு எண், சாப்பிட்டதா, மலம் எப்படி. சப்ளிமெண்ட் தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் எழுதினால்தான் ஒப்பிட முடியும். புரட்டாசியில் எங்கள் தெருக் கோயிலில் வேட்டுப் போட்டார்கள். கேசோசெபின் தொடங்கி ஐந்தாம் நாள். முன்பு 5 என்று எழுதிய இடத்தில் 4 எழுதினேன். மனைவி அந்த 4ஐ அடித்து 5 என்று திருத்தினார். படம் பிடித்ததைத் திரும்பப் பார்த்தபோது அவர்தான் சரி. காசு போட்டு வாங்கியவன் கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் தேறியதாகத்தான் தெரியும். ஆகவே எண் போடும் வேலையை, வாங்காத ஒருவரிடம் கொடுங்கள்.

மெல்லும் மாத்திரை டப்பாவை உயரமான அலமாரிக்குள் வையுங்கள். ஈரல் வாசனை வீசும் டப்பாவை நாய் கடித்துத் திறந்து முப்பதையும் விழுங்கும். விழுங்கிவிட்டால், அல்லது சைலிட்டால் உள்ள எதையாவது தின்றுவிட்டால், லேபிளையும் நாயின் எடையையும் கையில் வைத்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். உப்புக் கரைத்து வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உப்பே நஞ்சாகிவிடும்.

படி 8: சப்ளிமெண்ட் போதாதபோது

எங்களுக்குப் போதவில்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. மருத்துவர்கள் டிரசடோன், கேபபென்டின் போன்றவற்றைச் சத்தத்துக்குச் சில மணி நேரம் முன்பே கொடுக்கச் சொல்கிறார்கள். மனிதர்களுக்கான கேபபென்டின் திரவத்தில் சைலிட்டால் இருப்பதுண்டு, அதனால் சீட்டில் எழுதிய வடிவத்தை மாற்றி வாங்காதீர்கள். நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே டெக்ஸ்மெடெடோமிடின் ஜெல்லுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவுவது. தடவுகிறவர் கையுறை போட வேண்டும்.

ஒரே ஒரு மருந்தைப் பற்றி மட்டும் கேள்வி கேளுங்கள். அசிப்ரோமசினைத் தனியாகக் கொடுத்தால் நாயின் உடம்பு அசையாது, பயம் குறையாது, சத்தத்துக்கான கூச்சம் கூடவும் செய்யலாம். ஓட முடியாமல் கிடந்து எல்லா வெடியையும் கேட்டுக்கொண்டிருக்கும் நாயை நமக்கு "அமைதி" என்று காட்டும் மருந்து அது. அதை மட்டும் எழுதிக் கொடுத்தால், "பயம் குறைய வேறு ஏதும் இருக்கிறதா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவர் தரும் மருந்துக்கும் ஒத்திகை உண்டு. முதல் வேளையைத் தீபாவளி அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 9: அன்றைய நாள்

2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தபின், தமிழக அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தது. எங்கள் தெருவுக்கு அந்தக் கடிகாரம் இன்னும் வந்து சேரவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குள் நாயை வெளியே கூட்டிப்போய்த் திரும்பிவிடுகிறோம், வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு. கழுத்துப் பட்டையில் கைபேசி எண் எழுதிய தகடு. தீபாவளியன்று ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம்.

ஜன்னல் குறைவான அறையில் பழைய போர்வை, ஓடும் ஃபேன், கொஞ்சம் சத்தமாகத் தொலைக்காட்சி. அதன் பக்கத்தில் வேகவைத்த கோழித் துண்டுகள், உப்பில்லாமல். ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த நொடி ஒரு துண்டு. ஆடி மாதமே கைபேசியில் பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிக மெதுவாக வைத்து இப்படிப் பழக்கத் தொடங்கியிருந்தோம். நாய் வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளலாம். தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது கட்டுக்கதை.

போன தீபாவளிக்கு மருத்துவர் தந்த மாத்திரையும் கோழியும் சேர்ந்து காலண்டரில் 2 வந்தது. மனைவி போட்ட 2. எட்டரை மணிக்கு ஒரு சரவெடி நீண்டுகொண்டே போனபோது செவலை எழுந்து வாஷிங் மெஷின் பக்கம் இரண்டடி நடந்து, நின்று, திரும்பி வந்து அத்தையின் கையிலிருந்த கோழித் துண்டை மோந்தது. சாப்பிட்டது. "சாதிக்காய் இல்லாமலே" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

மறுநாள் காலை நாயை வெளியே விடுமுன் வாசலைப் பெருக்கிவிடுங்கள். வெடிக்காத பட்டாசிலும் கரிந்த காகிதத்திலும் பேரியமும் பொட்டாசியம் நைட்ரேட்டும் இருக்கலாம். நாய் மோந்து பார்ப்பதோடு நிறுத்தாது, நக்கும். முதலில் தண்ணீர் தெளித்துவிட்டு, அப்புறம் கூட்டிப் பையில் கட்டுங்கள்.